எ, க, ங நடுவே ஒரு செம்புள்ளி

விலையுயர்ந்த லேப்டாப்புகளைக் கடையில் அடுக்கி வைத்திருக்கும் இடத்தில் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சிறு அட்டை நிற்கும். ப்ராசஸர் எந்தத் தலைமுறை, ரேம் எத்தனை ஜிபி, திரை எத்தனை அங்குலம், எடை எவ்வளவு என்றெல்லாம் அதில் போட்டிருப்பார்கள். லினக்ஸ் நிறுவி வேலை செய்ய விரும்புகிறவருக்கு அந்த அட்டை சொல்லும் செய்தி மிகக் குறைவு. மூடியைச் சாத்தினால் இயந்திரம் உண்மையாகவே உறங்குமா? வைஃபை சிப் யாருடையது? பயாஸைப் புதுப்பிக்க விண்டோஸ் தேவைப்படுமா? கேமரா உள்ளே எந்த வழியில் இணைக்கப்பட்டிருக்கிறது? இவற்றுக்கு அட்டையில் இடமில்லை. ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கும் பொருளின் உயர்வை இந்தக் கேள்விகளில் வைத்துத்தான் நான் அளப்பேன். அப்படி அளக்கத் தொடங்கினால், ஒரு நல்ல லேப்டாப்பில் ரசிப்பதற்கு எத்தனை நுணுக்கங்கள் இருக்கின்றன என்பது தெரியவரும்.

எந்த லேப்டாப் வாங்கலாம் என்று லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களைக் கேட்டால் பெரும்பாலும் முதலில் வரும் பெயர் திங்க்பேட். அதிலிருந்தே தொடங்குகிறேன். ஐபிஎம் நிறுவனம் 1992 அக்டோபரில் வெளியிட்ட திங்க்பேட் 700சி இந்த வம்சத்தின் முன்னோடி. வடிவம் தந்தவர் ரிச்சர்ட் சாப்பர். ஜெர்மனியில் பிறந்து இத்தாலியின் மிலானில் வாழ்ந்து பணிசெய்தவர். பொறியியலைக் கவனித்துக்கொண்டவர் ஜப்பானின் யமாட்டோ ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த அரிமாசா நைட்டோ. ஜப்பானியர் மதிய உணவு கொண்டுசெல்லும் பென்டோ பெட்டிதான் சாப்பருக்கு மாதிரி. மூடியிருக்கும்போது ஓர் எளிய கறுப்புப் பெட்டி. உள்ளே என்ன இருக்கிறது என்பது திறப்பவருக்கு மட்டுமே தெரியும். 2005இல் இந்தத் தொழில் லெனோவோவின் கைக்கு மாறியது. முப்பது ஆண்டுகளைத் தாண்டியும் அந்தக் கறுப்பும் அந்தக் கூர்முனைகளும் பெரிதாக மாறாமல் இருப்பதைப் பார்க்கும்போது, முதலில் வரைந்தவர் தேவையற்றது எதையும் வரையவில்லை என்பது விளங்குகிறது.

அந்தக் கறுப்புக்கு நடுவில் ஒரே ஒரு சிவப்பு. ட்ராக்பாயிண்ட் என்ற அந்தச் சிறு குமிழ் ஆங்கில விசைகளில் ஜி, எச், பி மூன்றும் கூடும் இடத்தில் இருக்கிறது. இதை உருவாக்கியவர் டெட் செல்க்கர். தட்டச்சு செய்பவரின் கை விசைப்பலகையிலிருந்து மவுசுக்குப் போக ஏறத்தாழ முக்கால் விநாடி ஆகிறது, திரும்பி வர அதேபோல் இன்னொரு முக்கால் விநாடி ஆகிறது என்ற கணக்கிலிருந்து அவர் சிந்தனை தொடங்கியது. அந்தப் பயணத்தையே இல்லாமல் செய்ய வேண்டும் என்று நினைத்தார். குமிழ் நகர்வதில்லை, விரல் எவ்வளவு அழுத்துகிறது, எந்தப் பக்கம் அழுத்துகிறது என்பதை அடியில் இருக்கும் உணரி அளந்து அம்புக்குறியை ஓட்டுகிறது. அழுத்தம் கூடும்போது அம்புக்குறி கொஞ்சம் முந்திக்கொண்டு புறப்படவும், குறையும்போது சட்டென்று நிற்கவும் செல்க்கரின் குழு கணக்கு வகுத்தது. விரல் நினைத்த இடத்தில் அம்புக்குறி நிற்பதுபோல் தோன்றுவதற்கு இந்தக் கணக்கே காரணம். பழகிய பிறகு அது நம் கவனத்துக்கே வருவதில்லை. அதைவிட நல்ல பாராட்டு ஒரு கருவிக்கு வேறு என்ன இருக்க முடியும்?

நிறத்துக்கும் ஒரு கதை உண்டு. ஐபிஎம்மின் பாதுகாப்பு விதிகளின்படி சிவப்பு, ஆபத்து நேரத்தில் மின்சாரத்தை நிறுத்தும் பொத்தானுக்கென்று ஒதுக்கப்பட்ட நிறம். சாப்பருக்கோ குமிழ் சிவப்பாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே அதை மெஜந்தா என்று பெயரிட்டு அனுமதி வாங்கினார்கள். பின்னால் மெல்ல மெல்ல அது முழுச் சிவப்பாகவே ஆனது.

தமிழில் எழுதுகிறவருக்கு இந்தக் குமிழ் கூடுதலாக ஒரு சுகத்தைத் தருகிறது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி உருவான தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் பெரும்பாலும் இடக்கைக்கும், அதிகம் வரும் மெய்கள் வலக்கைக்கும் பிரிக்கப்பட்டிருக்கின்றன. நடு வரிசையில் இடப்பக்கம் அ, இ, உ, புள்ளி, எ. வலப்பக்கம் க, ப, ம, த, ந, ய. தமிழ்ச் சொற்களின் பெரும்பகுதி விரல்கள் இளைப்பாறும் அந்த வரிசையிலேயே முடிந்துவிடும். செம்புள்ளி எங்கே இருக்கிறது என்று பார்த்தால் எகரத்துக்கும் ககரத்துக்கும் நடுவில், ஙகரத்தின் தலைக்கு மேல். இரண்டு கைகளும் சந்திக்கும் இடம் அது. ஒரு பத்தியைத் தட்டிக்கொண்டே, இரண்டு வரி மேலே இருக்கும் பிழைக்கு அம்புக்குறியைக் கொண்டுபோக, சுட்டுவிரல் அரை விசைத் தூரம் நகர்ந்தால் போதும். கை அந்த வரிசையை விட்டு எழவே வேண்டாம். லினக்ஸில் தமிழ்99 முறையைச் சேர்க்க எதையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. மொழி அமைப்புகளிலேயே கிடைக்கும்.

குமிழுக்குக் கீழே, இடைவெளிப் பட்டையை அடுத்து மூன்று பொத்தான்கள் இருக்கின்றன. நடுப்பொத்தானைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1984இல் எம்ஐடியில் பிறந்த எக்ஸ் விண்டோ என்ற சாளர அமைப்பு, மூன்று பொத்தான் மவுசோடு வளர்ந்தது. அங்கே ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தாலே அது நகலெடுக்கப்பட்டுவிடும். நடுப்பொத்தானை அழுத்தினால் அம்புக்குறி நிற்கும் இடத்தில் விழும். கண்ட்ரோல் விசையை வைத்து நகலெடுக்கும் நினைவகம் வேறு, இது வேறு. ஆக ஒரே நேரத்தில் இரண்டு துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு எழுதலாம். மெலிந்த லேப்டாப்புகள் பொத்தான்களை ஒவ்வொன்றாக இழந்து, ஒரே கண்ணாடிப் பலகையாகிவிட்ட காலத்தில் திங்க்பேட் இந்த மூன்றையும் காப்பாற்றி வைத்திருக்கிறது. நடுப்பொத்தானை அழுத்திப் பிடித்தபடி குமிழைச் சாய்த்தால் பக்கம் மேலும் கீழும் ஓடும். லினக்ஸ் மேசைகளில் தொடுபலகை, மவுசு எல்லாவற்றையும் கவனிக்கும் லிப்இன்புட் என்ற நூலகம் இந்தப் பழக்கத்தை அறிந்து, நாம் எதையும் மாற்றாமலே அப்படி நடந்துகொள்கிறது. லினக்ஸின் கருவான கெர்னலுக்குள் ட்ராக்பாயிண்ட்டுக்கென்றே ஒரு சிறு நிரல் இருக்கிறது. குமிழின் கூருணர்வு, வேகம், முந்தும் குணம் ஆகிய ஒவ்வொன்றையும் நாம் திறந்து எண்ணை மாற்றக்கூடிய கோப்புகளாக அது வெளியே வைக்கிறது. செல்க்கர் அன்று வகுத்த கணக்கின் திருகுகள் இன்று நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தரும் செய்தி.

2025இல் வெளிவந்த திங்க்பேட் எக்ஸ்9 மாடலில் இந்தக் குமிழ் இல்லை. அழகான இயந்திரம்தான். ஆனாலும் குமிழையும் மூன்று பொத்தான்களையும் எடுத்துவிட்டால் திங்க்பேட் என்ற பெயருக்கு என்ன மிச்சம் என்று கவலையாக இருக்கிறது. மற்ற வரிசைகளில் அது இன்னும் இருப்பது ஆறுதல்.

விசைகளின் கீழ்விளிம்பு புன்னகைபோல் வளைந்திருப்பதையும் கவனியுங்கள். தட்டும் விரல் பெரும்பாலும் விசையின் கீழ்ப்பக்கம்தான் தவறி இறங்கும். அங்கே கூடுதலாக ஒரு நூல் அகலம் இருந்தால் அந்தத் தவறு சரியான எழுத்தாகிவிடும்.

இனி மூடியைச் சாத்தலாம். என் கருத்தில் ஒரு லேப்டாப்பின் மிகப்பெரிய சோதனை இதுதான். பழைய முறையில், எஸ்3 என்று அழைக்கப்பட்ட உறக்கத்தில், ப்ராசஸர் முழுக்க அணைந்துவிடும். ரேமுக்கு மட்டும், அது தன் நினைவைக் காத்துக்கொள்ளும் அளவுக்கு, சொட்டுச் சொட்டாக மின்சாரம் போகும். இரவு முழுவதும் பையில் கிடந்தாலும் பேட்டரி அதிகம் இறங்காது. பின்னால் விண்டோஸும் சிப் நிறுவனங்களும் கைப்பேசியைப் போல உடனடியாக விழிக்கும் வேறொரு முறைக்கு மாறின. இதில் ப்ராசஸர் அணைவதில்லை. எல்லா உறுப்புகளும் ஓய்ந்த பின் மிக ஆழ்ந்த அமைதிக்குப் போகிறது. எல்லா உறுப்புகளும் என்பதில்தான் சிக்கல். வீட்டில் அனைவரும் படுத்த பின் ஒருவர் மட்டும் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாருக்கும் தூக்கம் வராததைப் போல, ஓர் எஸ்எஸ்டியோ யுஎஸ்பி கட்டுப்படுத்தியோ அடங்காமல் இருந்தால் மொத்த இயந்திரமும் விழித்தே கிடக்கும். பைக்குள் சூடாகும். காலையில் பேட்டரி காலியாகியிருக்கும்.

2018இல் திங்க்பேட் வரிசையின் ஆறாம் தலைமுறை எக்ஸ்1 கார்பன் புதிய முறையோடு மட்டும் வந்தபோது லினக்ஸ் பயனர்கள் பழைய உறக்கத்தைத் திரும்பக் கேட்டார்கள். அதே ஆண்டில் லெனோவோ பயாஸ் புதுப்பிப்பு ஒன்றை வெளியிட்டது. உறக்க நிலை என்ற அமைப்பில் இரண்டு தெரிவுகள்: ஒன்று விண்டோஸ் 10, மற்றொன்று லினக்ஸ். பெரிய நிறுவனம் ஒன்றின் பயாஸ் திரையில் லினக்ஸ் என்ற சொல் தனி வரியாக இடம்பெற்றதைச் சிறிய செய்தியாக நான் நினைக்கவில்லை. பயனர்களின் தூக்கம் கெடுவதை யாரோ ஒருவர் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறார் என்று அதற்குப் பொருள். இப்போதைய சிப்கள் பல பழைய முறையை அறவே விட்டுவிட்டன. அதனால் புதிய முறையையே லினக்ஸில் செவ்வனே இயங்கவைக்கும் வேலை நடக்கிறது. ஏஎம்டியில் பணிபுரியும் மரியோ லிமன்செல்லோ, எந்த உறுப்பு அடங்க மறுக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்லும் ஒரு நிரலையே எழுதி எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார். மூடியைச் சாத்தி, ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து, கடைசியாக எழுதிய சொல்லின் பக்கத்தில் அம்புக்குறி துடித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கிறோமே, அந்த ஒரு கணத்துக்குப் பின்னால் இத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது.

டிரைவர்களைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. இண்டெல், ஏஎம்டி இரண்டின் கிராஃபிக்ஸ் டிரைவர்களும் கெர்னலுக்குள்ளேயே இருக்கின்றன. நிறுவி முடித்ததும் படம் சரியாக வரும், அடுத்த கெர்னலிலும் வரும். என்விடியாவின் கதை கரடுமுரடானது. 2012இல் பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தில் பேசிய, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டொர்வால்ட்ஸ், அந்த நிறுவனத்தோடு வேலை செய்வதுதான் மிக மோசமான அனுபவம் என்று கேமராவைப் பார்த்துக் கடுமையாகவே சொன்னார். 2022இல் தன் கெர்னல் பகுதிகளை என்விடியா திறந்து வைத்தபிறகு நிலைமை மேம்பட்டிருக்கிறது. ஆனாலும் செயற்கை நுண்ணறிவுப் பணியோ, முப்பரிமாண வரைகலையோ உங்கள் அன்றாடம் என்றால் ஒழிய, மெலிந்த லேப்டாப்பில் அது வேண்டாம். வைஃபைக்கு இண்டெல் சிப் இருந்தால் மனம் நிம்மதியாக இருக்கும். ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தைப் போடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அதை உருவாக்கும் குழுவினர் பலரும் நெடுங்காலமாகத் திங்க்பேட்டிலேயே வேலை செய்வதால் அதன் உறுப்புகளுக்கு அங்கே நல்ல ஆதரவு கிடைக்கிறது.

கேமராவில் மட்டும் ஒரு பொறி உண்டு. யுஎஸ்பி வழியாக இணைந்த கேமரா லினக்ஸில் எந்தச் சத்தமுமில்லாமல் இயங்கும். சில ஆண்டுகளாக உயர்விலை மாடல்களில், இண்டெலின் படச்செயலிக்கு நேரடியாக இணையும் வேறு வகைக் கேமரா வருகிறது. படம் தெளிவுதான், லினக்ஸில் அதை எழுப்பப் பலகாலம் போராட வேண்டியிருந்தது. ஒரே மாடலில் இரண்டு வகையும் தெரிவுக்கு இருந்தால் யுஎஸ்பி வகையைக் கேட்டு வாங்குங்கள். இங்கே விலை குறைந்ததே உயர்ந்தது.

திரையிலும் இதே நியாயம் செல்லுபடியாகும். அதிகப் புள்ளிகள் கொண்ட திரையே சிறந்தது என்று விற்பவர் சொல்வார். 14 அங்குலத் திரையில் 1920க்கு 1200 புள்ளிகள் இருந்தால் எழுத்துகளைச் சற்றே பெரிதாக்கி, அல்லது அப்படியே வைத்துப் படிக்கலாம். 13.5 அங்குலத்தில் 2880க்கு 1920 என்றால் எல்லாவற்றையும் சரியாக இரட்டிப்பாக்கலாம். ஒரு புள்ளி இருந்த இடத்தில் நான்கு புள்ளிகள் வந்து உட்காரும், விளிம்புகள் கத்திபோல் இருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட திரைகள்தான் தொல்லை. ஃப்ரேம்வொர்க் நிறுவனத்தின் முதல் திரையில் 2256க்கு 1504 புள்ளிகள். இரட்டிப்பாக்கினால் எல்லாம் பூதாகாரம், அப்படியே விட்டால் கண் வலிக்கும், ஒன்றரை மடங்கு என்றால் கணக்கு முழு எண்ணில் நிற்காமல் பழைய செயலிகளில் எழுத்து லேசாக மங்கும். ஆங்கிலத்தில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். தமிழில் ழகரத்தின் கீழ்ச்சுழியும், ணகரத்தின் மூன்று வளைவுகளும், மெய்யின் தலைமேல் இருக்கும் புள்ளியும் அந்த மங்கலில் ஒன்றோடொன்று குழம்பும். 2024இல் அந்த நிறுவனமே 2880க்கு 1920 திரையைக் கொண்டுவந்து, முழு இரட்டிப்புக்கு ஏற்றது என்று சொல்லி விற்றது. அதைவிட எனக்குப் பிடித்த செய்தி, பழைய லேப்டாப் வைத்திருப்பவரும் அந்தத் திரையை மட்டும் வாங்கித் தானே மாட்டிக்கொள்ளலாம் என்பது.

ஃப்ரேம்வொர்க்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்துவது கடினம். ஆக்குலஸ் நிறுவனத்தில் பணியாற்றிய நிரவ் பட்டேல் தொடங்கிய நிறுவனம் இது. முதல் லேப்டாப் 2021இல் வந்தது. எடை 1.3 கிலோ, திரையின் விகிதம் மூன்றுக்கு இரண்டு. கூடவே ஒரு சிறு திருப்புளியும் தருகிறார்கள். அடிப்பக்கத்தில் ஐந்து திருகுகள். அவற்றைத் தளர்த்தினால் மேசைமீது உருண்டு தொலைவதில்லை. கழன்ற பின்னும் தத்தம் குழியிலேயே தங்கிவிடும். திருகு தொலைந்து தரையில் தவழ்ந்து தேடிய எவருக்கும் இந்தச் சின்ன கருணையின் அருமை தெரியும். விசைப்பலகை உள்ள மேல்மூடி காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைத் தூக்கியதும் பேட்டரி, ரேம், எஸ்எஸ்டி, ஒலிபெருக்கி ஒவ்வொன்றின் மேலும் அதன் பெயரும் ஒரு க்யூஆர் குறியும். கைப்பேசியைக் காட்டினால் அந்த உறுப்பை மாற்றும் வழிமுறை திறக்கும். திரையைச் சுற்றியுள்ள சட்டமும் காந்தம்தான், நகத்தால் பிரிக்கலாம். உள்ளே கை வைக்கிறவரைத் திருடனாகப் பார்க்காமல் விருந்தாளியாக வரவேற்கிற இயந்திரம் இது.

பக்கவாட்டில் நான்கு குழிகள். யுஎஸ்பி, எச்டிஎம்ஐ, மெமரி கார்டு என்று நமக்கு வேண்டிய துளையை ஒரு சிறு கட்டையாக வாங்கிச் செருகிக்கொள்ளலாம். கேமராவுக்கும் மைக்குக்கும் திரையின் மேல்விளிம்பில் தனித்தனிச் சுவிட்சுகள். அவை மின்னிணைப்பையே துண்டிப்பதால் எந்த மென்பொருளும் ரகசியமாக எழுப்ப முடியாது. 2021இல் இண்டெலின் 11ஆம் தலைமுறையோடு வாங்கிய உடலுக்குள் 2023இல் வந்த ஏஎம்டி ரைசன் மதர்போர்டு அப்படியே பொருந்தியது. திரை, கீல், விசைப்பலகை, உறை எல்லாம் பழையவை. உயிர் மட்டும் புதிது. விண்டோஸ் இல்லாமல், ரேமும் எஸ்எஸ்டியும்கூட இல்லாமல், பாகங்களாகவே வாங்கலாம் என்பதால் பயன்படுத்தாத இயங்குதளத்துக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. உபுண்டு, ஃபெடோரா என்ற லினக்ஸ் வகைகள் இரண்டுக்கும் நிறுவனமே பொறுப்பேற்கிறது. பேட்டரியின் சார்ஜையும் விசிறியையும் விசைகளையும் கவனிக்கும் உட்கட்டுப்படுத்தியின் நிரலை 2022இல் திறமூலமாக வெளியிட்டார்கள். லேப்டாப் உலகில் இந்த ஆழம் வரை கதவைத் திறந்தவர்கள் குறைவு.

திங்க்பேட் இப்படி மேசையில் எல்லாவற்றையும் விரித்துக் காட்டுவதில்லை. ஆனால் அதற்கும் ஒரு திறந்த மனம் உண்டு. அது காகிதத்தில் இருக்கிறது. ஒவ்வொரு மாடலுக்கும் பழுதுபார்ப்புக் கையேட்டை லெனோவோ இலவசமாகப் பொதுவில் வைக்கிறது. எந்தத் திருகு எவ்வளவு நீளம், எத்தனை விசையோடு முறுக்க வேண்டும், எதை முதலில் கழற்ற வேண்டும் என்று படத்தோடு எழுதியிருக்கும். சர்வீஸ் சென்டர்காரர் படிக்கும் அதே புத்தகம் நம் கையிலும். பேட்டரியை 80 சதவீதத்தில் நிறுத்தி வைக்கும் வசதி கெர்னலின் திங்க்பேட் டிரைவர் வழியாகவே கிடைக்கிறது. எப்போதும் சார்ஜரோடு மேசையில் இருக்கும் லேப்டாப்புக்கு இது ஆயுளைக் கூட்டும். 2020இல் எக்ஸ்1 கார்பன் எட்டாம் தலைமுறை முதலிய மாடல்களில் ஃபெடோராவை நிறுவியே விற்கத் தொடங்கியபோது, எந்தத் தனிப்பூச்சும் சேர்க்காமல், ஃபெடோரா குழு வெளியிடும் அதே வடிவத்தைத்தான் வைத்தார்கள். வேண்டிய திருத்தங்களை மூலக் கெர்னலுக்கே அனுப்பினார்கள். அதனால் பலன் ஃபெடோராவோடு நிற்கவில்லை. டெபியன் போட்டவருக்கும் ஆர்ச் போட்டவருக்கும் போய்ச் சேர்ந்தது. இந்த நாகரிகத்துக்கு முன்னோடி டெல். 2012இல் பார்ட்டன் ஜார்ஜ் முன்னின்று நடத்திய ஸ்புட்னிக் என்ற சிறு திட்டத்திலிருந்து உபுண்டுவோடு வரும் எக்ஸ்பிஎஸ் 13 பிறந்தது. ஒரு மெலிந்த, அழகான, விலையுயர்ந்த லேப்டாப்பை லினக்ஸோடு பெரிய நிறுவனம் ஒன்று விற்கும் என்ற நம்பிக்கையை அது ஏற்படுத்தியது.

ஃபர்ம்வேர் புதுப்பிப்பு இன்னொரு மௌனமான அழகு. முன்பெல்லாம் பயாஸைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் விண்டோஸை ஓர் ஓரத்தில் வைத்திருக்க வேண்டும், அல்லது பென்டிரைவில் ஏதேதோ வித்தை செய்ய வேண்டும். ரெட் ஹேட்டில் பணிபுரியும் ரிச்சர்ட் ஹ்யூஸ் எழுதிய எஃப்டபிள்யூஅப்டி என்ற நிரலும், நிறுவனங்கள் தங்கள் ஃபர்ம்வேரைக் கையொப்பமிட்டு ஏற்றும் பொதுக் களஞ்சியமும் இதை மாற்றின. டெல் தொடக்கத்திலேயே சேர்ந்தது, லெனோவோ 2018இல் சேர்ந்தது, ஃப்ரேம்வொர்க்கும் உண்டு. இப்போது உலாவிக்குப் புதுப்பிப்பு வருவதைப் போலவே பயாஸுக்கும் மேசையில் ஓர் அறிவிப்பு வருகிறது. சொடுக்கினால், இயந்திரம் ஒருமுறை அணைந்து எழுந்து, வேலையை முடித்துக்கொள்கிறது. ஒரு லேப்டாப்பை வாங்குமுன் அதன் பெயர் இந்தக் களஞ்சியத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். பட்டியலில் இருந்தால் அந்த நிறுவனம் விற்ற பிறகும் உங்களை நினைத்துக்கொண்டிருக்கிறது.

ஆப்பிளின் லேப்டாப்புகளைப் பற்றியும் கேட்பார்கள். அவற்றின் உலோக வேலைப்பாடும் பேட்டரியும் யாரும் மறுக்க முடியாதவை. எம்1 சிப்போடு மேக்புக் வந்தபோது, சிப்பின் ஆவணங்கள் எதுவும் வெளியில் இல்லாத நிலையில், ஹெக்டர் மார்ட்டின் தொடங்கிய அசாஹி லினக்ஸ் திட்டம் உறுப்பு உறுப்பாகத் தடவிப் பார்த்தே டிரைவர்களை எழுதியது. அலிஸா ரோசன்ஸ்வைக் கிராஃபிக்ஸ் பகுதியை அவிழ்த்தார். 2022 ஜூலையில் டொர்வால்ட்ஸ் கெர்னல் 5.19ஐ அசாஹி ஓடும் எம்2 மேக்புக் ஏரிலிருந்துதான் வெளியிட்டார். அந்தக் குழுவின் நேர்த்திக்கு ஓர் உதாரணம் போதும்: அந்தச் சிறிய ஒலிபெருக்கிகளின் சுருள்கள் எவ்வளவு சூடாகின்றன என்று கணக்கிட்டு, எரிந்துபோகாமல் ஒலியளவைக் கட்டுப்படுத்தும் தனி நிரலையே எழுதியிருக்கிறார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. ஆனால் பாராட்டு அவர்களுக்கு உரியது, லேப்டாப்பைச் செய்தவருக்கு அல்ல. அடுத்தடுத்து வரும் சிப்களுக்கு அதே தடவல் மீண்டும் தேவைப்படுவதால், லினக்ஸுக்கென்றே வாங்குகிறவருக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

அமெரிக்காவின் டென்வரில் இருக்கும் சிஸ்டம்76, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்கில் இருக்கும் டக்சிடோ போன்ற நிறுவனங்கள் லினக்ஸுக்காகவே லேப்டாப் விற்கின்றன. சிஸ்டம்76 பல மாடல்களில் கோர்பூட் என்ற திறமூல ஃபர்ம்வேரைப் போடுவது உயர்ந்த செயல். அவர்கள் விற்கும் நாடுகளில் இருப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

எதை வாங்குவதாக இருந்தாலும் கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, உபுண்டுவோ ஃபெடோராவோ ஏற்றிய பென்டிரைவிலிருந்து இயக்கிப் பாருங்கள். எதையும் நிறுவ வேண்டாம். பத்து நிமிடம் போதும். வைஃபை, ஒலி, கேமரா, திரையின் வெளிச்சம் கூட்டும் விசைகள், உறக்கம் எல்லாம் தெரிந்துவிடும். மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

என் தீர்ப்பு இது. பத்து ஆண்டுகள் ஒரே உடலை வைத்துக்கொண்டு உள்ளுறுப்புகளை மட்டும் மாற்றிக்கொண்டு போக விரும்புகிறவர், தன் நாட்டுக்கு நேரடியாக அனுப்புகிறார்கள் என்பதை உறுதிசெய்துகொண்டு, ஏஎம்டி சிப்பும் 2880க்கு 1920 திரையும் உள்ள ஃப்ரேம்வொர்க் 13ஐ வாங்கலாம். நாள் முழுவதும் எழுதுகிறவருக்கு, குறிப்பாகத் தமிழில் எழுதுகிறவருக்கு, நான் சொல்வது திங்க்பேட் எக்ஸ்1 கார்பன்: இண்டெல் ப்ராசஸர், 1920க்கு 1200 புள்ளிகள் கொண்ட சாதாரணத் திரை, யுஎஸ்பி கேமரா. அதில் ரேம் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருப்பதால் பின்னால் கூட்ட முடியாது. வாங்கும் அன்றே 32 ஜிபி கேளுங்கள்.